முதுமுனைவரும் முனைவர்பட்ட மேலாய்வாளரும்: ஒரு சொல்லாய்வு

முதுமுனைவர் என்னுஞ் சொல் இக்காலத் தமிழாய்வுலகில் இருவேறு பொருளில் வழங்குகின்றது. முனைவர் பட்டத்திற்கும் மேலதாகப் பல்கலைக்கழகங்கள் அளிக்கும் டி.லிட். பட்டத்தை உணர்த்துவது ஒன்று. முனைவர் பட்டம் பெற்ற பின்னர், நிலையான பணியிடம் எய்துமுன், ஒரு நிறுவனத்தின் நல்கையைப் பெற்று ஓரிரண்டு ஆண்டுகள் ஆய்வு நிகழ்த்துவாரை உணர்த்துவது மற்றொன்று. முன்னது பட்டம், பின்னது பணிநிலை. பட்டம் ஒருவர்க்கு வாழ்நாள் முழுதும் உரியது. பணிநிலை நல்கை தீரும் நாளன்று தீர்வது. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்குவதனால் விளையும் மயக்கம் சிறிதன்று. ஆய்விதழின் முகப்பில் ஒருவர் பெயர்க்கு முன் முதுமுனைவர் என்று கண்டவழி, அவர் மூதறிஞரோ, சென்ற ஆண்டு பட்டம் பெற்று வந்த இளைஞரோ என்று துணிதற்கு வழியில்லை. இச்சொல்லின் பொருளையும் ஆட்சியையும் அமைதியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் முனைவர் என்னும் அடிச்சொல்லைக் காண்போம். தொல்காப்பிய மரபியலில் முதல்நூலுக்கு இலக்கணம் கூறும் நூற்பாவில் முனைவன் என்னும் சொல் வருகின்றது. வினையினின்று நீங்கி, விளங்கிய அறிவினையுடைய முதல்வனால் காணப்பட்டது யாது, அது முதல்நூல் என்பது அந்நூற்பாவின் கருத்து. ஈண்டு முனைவன் என்பது முன் என்னும் அடியாகப் பிறந்து, யாவர்க்கும் முன்னிற்பவன் என்னும் பொருள் தந்து நின்றது. இறைவன், தலைவன் என்ற பொருள்கள் இதன்வழி வந்தவை. டாக்டர் என்னும் மேலைச்சொல்லோ இலத்தீன் மொழியில் கற்பித்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தற்கு உரிமை பெற்றவனைக் குறித்தது. ஆகவே முனைவர் என்பது டாக்டர் என்பதன் மொழிபெயர்ப்பு அன்று. ஒன்று கற்பித்தலை நோக்கியது. மற்றொன்று முதன்மையை நோக்கியது. புதிது காண்பதே முனைவர் பட்ட ஆய்வின் உயிர் என்று கொள்ளும் இக்காலத்திற்கு, முதல்நூல் கண்டவனைக் குறித்த சொல் மூலச்சொல்லினும் பொருத்தமாக அமைந்தது எனலாம்.

முனை என்னும் அடிக்குப் பிற பொருள்களும் உள. போர்முனையைக் குறித்தல் சங்க இலக்கியத்துப் பயின்ற வழக்கு. அப்பரும் சுந்தரரும் தோன்றிய திருமுனைப்பாடி நாட்டின் பெயரிலும் முனை உண்டு. முயலுதல், ஊக்குதல் என்னும் பொருளில் முனைதல் என்பது இன்றும் வழங்குகின்றது. முனைவர் என்றால் முனைந்து செய்பவர் என்று மாணவர் பலரும் விளக்கம் கூறுவது இதுபற்றியே. தொல்காப்பிய உரியியலோ, முனைவு என்னும் உரிச்சொல் முனிவு என்னும் பொருட்டு, அதாவது வெறுப்பின்கண் வரும் என்கின்றது. ஐந்தாறு ஆண்டுகள் ஆய்வேட்டோடு மல்லாடினோர் இவ்வுரியியற் பொருளே மெய்ப்பொருள் என்று சாதிக்கவுங் கூடும். அது நிற்க.

1950, 1960களில் வெளிவந்த தமிழ் நூல்களின் முகப்பை நோக்குவார்க்கு டாக்டர் என்பதே அக்காலப் பெருவழக்கு என்பது புலனாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் தமிழாய்வின் பொருட்டு அப்பட்டம் பெற்ற மு. வரதராசனாரையும் டாக்டர் மு. வ. என்றே தமிழுலகம் அறிந்தது. ஈழத்தில் கலாநிதி என்னும் வடசொல் நிலைபெற்றது. கலைகளுக்கு இருப்பிடம் என்பது அதன் பொருள்; திங்களுக்கும் அது பெயராகும். முனைவர் என்பது தமிழகத்தில் இவற்றிற்குப் பின்னரே பரவி, இன்று பல்கலைக்கழகச் சான்றிதழிலும் அரசாணையிலும் ஐயமின்றி ஆளப்படுகின்றது. கலைச்சொல் ஒன்று ஒரு தலைமுறைக்குள் இவ்வாறு வேரூன்றுதல் அரிது. முனைவர் என்பது வேரூன்றியமையாலேயே அதன்மேல் இள, முது முதலிய அடைகளை ஏற்றும் முயற்சியும் எழுந்தது.

இனி, பெயரால் குறிக்கப்படும் பொருளைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1810இல் அம்போல்ட்டின் திட்டப்படி நிறுவப்பெற்ற பெர்லின் பல்கலைக்கழகமே ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்தின் தலைமைத் தொழிலாகக் கொண்டது என்பர். அம்முறை அமெரிக்க நாட்டுக்குச் சென்று, யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதல் முனைவர் பட்டங்களை அளித்தது. ஆக்சுபோர்டு அப்பட்டத்தை ஏற்றது 1917இல்தான். பட்டம் பெற்ற பின்னும் ஆய்வையே தொழிலாகக் கொண்டு சில ஆண்டுகள் வாழ்வதற்கு வழிவகுத்தவற்றுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இராக்பெல்லர் அறநிறுவனத்தின் பொருளுதவியால் 1919இல் இயற்பியல், வேதியியல் துறைகளில் தொடங்கிய நல்கைத் திட்டம். ஆகவே இந்நிலை ஒரு நூற்றாண்டு அகவையதே. இதற்குத் தேர்வில்லை, வாய்மொழித் தேர்வில்லை, பட்டமளிப்பு விழாவும் இல்லை. ஒரு மேற்பார்வையாளர், ஒரு திட்டம், ஒரு காலவரை, ஒரு நல்கை. இவ்வளவே இதன் உறுப்புகள்.

தமிழாய்வில் இந்நிலை பரவலானது இன்னும் அண்மையது. 1969இல் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமும், பல்கலைக்கழக நல்கைக் குழுவும் இத்தகைய நல்கைகளை வழங்கி வந்துள்ளன. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பெற்றதன் பயனாய்த் தோன்றி, 2008 முதல் சென்னையில் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் நல்கை, தமிழ்த்துறையினர்க்கு இந்நிலையை நேரில் அறிமுகப்படுத்தியது. அந்நல்கை பெற்றோர் தம் கட்டுரைகளின் கீழ் முனைவர்பட்ட மேலாய்வாளர் என்று குறித்துக்கொண்டனர். அதே காலத்தில் வேறு சிலர் முதுமுனைவர் பட்ட ஆய்வாளர் என்றும், பின்முனைவர் என்றும், முனைவர் பட்டப் பின்னாய்வாளர் என்றும் எழுதினர். இச்சொற்களுள் எது தக்கது என்பதே வினா.

முதுமுனைவரை முதலில் எடுத்துக்கொள்வோம். கல்விப் பட்டங்களின் பெயரில் முது என்னும் அடை இன்று ஒழுங்குற அமைந்து கிடக்கின்றது. இளங்கலை, முதுகலை என்பன தமிழக வழக்கு. கலைமாணி, முதுகலைமாணி, முதுதத்துவமாணி என்பன ஈழ வழக்கு. ஈரிடத்தும் முது என்பது கீழ்ப்பட்டத்திற்கு மேற்பட்ட மற்றொரு பட்டத்தையே சுட்டுகின்றது. இதனோடு, ஆய்வியல் நிறைஞர் என்று பெரும்பாலும் வழங்கிய எம்.ஃபில். பட்டத்தை இளமுனைவர் என்று வழங்கினாரும் உளர். (நல்கைக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளால் அப்பட்டம் நிறுத்தப்பெற்றது, பெற்றவர்க்கு அது பட்டமே.) இளமுனைவர் ஒரு பட்டம், முனைவர் ஒரு பட்டம் எனின், அவ்வரிசையில் மூன்றாவதாக நிற்கும் முதுமுனைவரும் பட்டமாதலே முறை. வரிசையின் இறுதியில் மட்டும் பட்டமல்லாத ஒன்றை வைத்தல், படிக்கட்டின் மேற்படியாகக் கதவொன்றை வைத்தல் போல்வது.

வழக்கும் இதற்கு அரண் செய்கின்றது. 2021இல் மறைந்த இரா. இளங்குமரனாரை முதுமுனைவர் என்னும் அடையோடு சுட்டுதல் தமிழுலகம் நன்கறிந்த வழக்கு. அகராதி, உரை, பதிப்பு, சொல்லாய்வு எனப் பல துறையிலும் நீண்ட காலம் உழைத்த ஒருவர் பெயர்முன் அச்சொல் நிற்கும்போது, முது என்பதன் பொருள் முழுமையாக நிரம்புகின்றது. மூப்பு, பழுத்த அறிவு, வழிவழி வந்த தகுதி ஆகியவை பழந்தமிழில் அச்சொல்லின் பொருள்கள். முதுகுடி, மூதூர், முதுமகன் என்னும் சொற்களை நோக்குக. நற்றிணையில் ஊர்த்தெருவில் விழவறிவிக்கும் குயவனுக்கு முதுவாய் என்னும் அடை கொடுக்கப்பெற்றுள்ளது. அறிவு வாய்த்தல் என்று அதற்கு உரை கூறுவர். இறந்த முதியோரை இட்டுப் புதைத்த தாழி முதுமக்கட்டாழி எனப்பட்டது. முப்பது அகவையில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு, அடுத்த பணியிடத்திற்கு விளம்பரம் பார்த்திருக்கும் ஒருவர்க்கு இவ்வடையைச் சூட்டுதல் சொல்லுக்கும் அழகன்று, அவர்க்கும் அழகன்று.

மங்கலம்பேட்டைக்குத் தெற்கேயுள்ள விருத்தாசலம், முது என்னும் இவ்வடைக்குக் கண்கண்ட சான்றாக நிற்கின்றது. தேவார மூவரும் பாடிய அத்தலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். முது என்பதற்கு விருத்தம் என்றும், குன்றம் என்பதற்கு அசலம் என்றும் வடமொழியில் பெயர்த்தமைத்த பெயரே விருத்தாசலம். பெயர்த்தவர் முது என்பதன் பொருளை ஐயமின்றி உணர்ந்திருந்தனர்: பழமை, மூப்பு. பழமலை என்னும் பெயரும் அதனையே வலியுறுத்தும். அத்தலத்து அம்மையைப் பற்றிய ஒரு வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. சிதம்பரத்திற்குச் செல்லும் வழியில் அங்குத் தங்கிய குரு நமசிவாயர் பசியால் அம்மையைப் பாடியபோது, அவளை மூத்தவளாக வைத்துப் பாடினாராம். முதியவளால் சோறு கொணர்தல் எங்ஙனம் இயலும் என்று அவள் கேட்க, அவர் இளையவளாக மாற்றிப் பாடினார். பின்னரே சோறு வந்தது என்பது தலவழக்கு. முது என்னும் அடையைப் பொருந்தாவிடத்து இட்டால் சோற்றுக்கே இடர் வரும் என்பதற்கு இதனின் மேம்பட்ட உவமை கிடைத்தல் அரிது. சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்னும் பெரியபுராணச் செய்தியையும், ஓரிடத்தில் ஒப்பளிக்கப்பெற்ற நல்கை மற்றோரிடத்தில், மற்றொரு காலத்தில் கைக்கு வரக் காத்திருக்கும் ஆய்வாளர் நன்கு உணர்வர்.

சொல்லழகு ஒருபுறமிருக்க, சட்டநிலையும் உண்டு. பட்டம் அளிக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டத்தால் அவ்வுரிமை பெற்ற நிறுவனங்களுக்குமே உரியது என்று 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக நல்கைக் குழுச் சட்டம் வரையறுத்துள்ளது. நல்கை பெற்று ஆய்வு செய்தமையால் எவர்க்கும் புதுப்பட்டம் வாய்ப்பதில்லை. அங்ஙனமாகவும், முதுமுனைவர் பட்ட ஆய்வு நிறைவு என்று தன்விவரக் குறிப்பில் எழுதுவார் பெறாத பட்டம் ஒன்றைப் பெற்றதாகக் காட்டும் நிலைக்கு ஆளாகின்றனர். பெரும்பாலார் இதனை வஞ்சமாகச் செய்வதில்லை. சொல்லே அவர்களை அந்நிலைக்குத் தள்ளுகின்றது. நேர்காணல் குழுவின்முன் அமர்ந்து, இப்பட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்கப்பெறும் இளைஞர்க்கு, மொழிபெயர்ப்பின் குற்றம் இது என்று விளக்குதல் எளிதன்று.

அடுத்துப் பின்முனைவர். இது மேலைச்சொல்லின் முன்னொட்டை அப்படியே பெயர்த்து வைத்த அமைப்பு. பின்னவீனத்துவம் என்பதும் இவ்வகையதே. தமிழ்த் தொகையமைதி இதற்கு இடந்தருமா என்று நோக்குதல் வேண்டும். பின்பனி என்பது பனிக்காலத்தின் பிற்கூறு. பனிக்காலம் கழிந்த பின்வரும் காலம் அன்று. பனிக்காலம் கழிந்தபின் வருவது இளவேனில். பின்னிரவு இரவின் பிற்பகுதியே. விடியலுக்குப் பிற்பட்டது அன்று. பின்னுரை உரையே, பின்னிணைப்பு இணைப்பே. எனவே பின் என்பது பெயர்க்கு முன் அடையாக நிற்குமிடத்து, அப்பெயரின் வகையொன்றையோ கூறொன்றையோ குறிக்குமேயன்றி, அப்பெயர்ப்பொருளுக்கு அப்பாற்பட்டதைக் குறியாது. இவ்வாறு நோக்கின் பின்முனைவர் என்பார் பின்னால் வந்த முனைவர், அல்லது முனைவருள் பிற்பட்டவர் ஆவர். பின்னோன், பின்முறை என்னும் சொற்களில் பின் என்பது இளையது, இரண்டாவது என்னும் பொருளைச் சார்ந்து நிற்றலையும் ஒப்பிடுக.

முன்றில் என்னும் சொல்லைக் காட்டி இதனை மறுப்பார் உளர். இல்லத்தின் முன் என்பதே அதன் பொருள். அங்கு முன் என்பது அடையாக முதலில் நின்றும் இல்லுக்குப் புறம்பான இடத்தையே குறிக்கின்றது. உண்மையே. ஆயின் இலக்கண நூலார் அதனை இல்முன் என்பது நிலைமாறி வந்த இலக்கணப் போலி என்றனர். வாயில், புறநகர் என்பனவும் அத்தகையன. இயல்பான அமைப்பு அன்று என்பதனாலேயே அதற்குத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று. வழக்கில் வழிவழி வந்த போலியை ஏற்றல் வேறு. புதிதாக ஒரு சொல்லை ஆக்குங்கால் போலியையே வழிகாட்டியாகக் கொள்ளுதல் வேறு. மேலும், முன் என்னும் அடியாற் பிறந்த முனைவர் என்பதன் தலைமேல் பின் என்பதனை ஏற்றினால், ஒரு சொல்லுக்குள் முன்னும் பின்னும் முட்டி நிற்கின்றன.

தமிழ் முறைப்படி பெயர் முன்னும், பின் என்பது அதன் பின்னும் வருதல் வேண்டும் என்று கருதி முனைவர்பின் ஆய்வாளர் என்று எழுதலாமோ எனின், அமைதியால் குற்றமில்லை, பொருளால் நகைக்கிடனாகும். முனைவர் ஒருவர்பின் செல்லும் ஆய்வாளர் என்றே கேட்பார் கொள்வர். மேற்பார்வையாளரின் பையைச் சுமந்து திரிந்த பட்டறிவுடையார் சிலர் அதுவே சரியான பெயர் என்று வாதிடவும் கூடும். யாம் அவ்வாதத்துட் புகுதல் இல்லை.

எஞ்சுவது முனைவர்பட்ட மேலாய்வாளர். இச்சொல் பட்டமேற்படிப்பு என்னும் பழகிய சொல்லை ஒப்புமையாகக் கொண்டது. பட்டம், அதன் மேல், படிப்பு என்று மூன்று உறுப்பும் தமிழ் வரிசையிலேயே நிற்கின்றன. அதுபோலவே முனைவர்பட்டம், அதன் மேல், ஆய்வு. பட்டம் என்னும் சொல் இடையில் நிற்பதனால், முனைவரைப் பற்றிய ஆய்வு என்னும் பிறழ்பொருளும் ஒழிகின்றது. மேலாய்வாளர் என்பது செய்பவரையும் செயலையும் சுட்டுகின்றதேயன்றி ஒரு பட்டத்தைச் சுட்டவில்லை. பின்முனைவரிடத்தும் முதுமுனைவரிடத்தும் இல்லாத தகுதி இது.

குறை இல்லாமல் இல்லை. மேல் என்பது காலத்தைக் குறிக்குங்கால் இருதலை உடையது. மேற்கூறியவாறு என்றால் முன்னர்க் கூறியது. இனிமேல் என்றால் பின்னர் வருவது. உரையாசிரியர் இரு பொருளிலும் ஆள்வர். மேல்முறையீடு என்பதிற்போல, முன்பு செய்த ஒன்றை மீண்டும் ஆராய்தல் என்றும் மேலாய்வைக் கொள்ளலாம். இதனினும் பெரிய இடர் ஆய்வாளர் என்னும் சொல்லில் உள்ளது. மங்கலம்பேட்டை போன்ற ஓர் ஊரின் கடைத்தெருவில் ஆய்வாளர் என்றால் காவல் நிலையத்து அலுவலரே எவர் நினைவுக்கும் வருவார். அடுத்து வருவாய் ஆய்வாளர். மேலாய்வாளர் என்று மட்டும் ஒருவர் தம்மை அறிவித்துக்கொண்டால், அவர்க்கும் மேற்பட்ட அலுவலர் என்று ஊரார் எழுந்து நிற்கவும் கூடும். ஆகலின் முனைவர்பட்ட என்னும் அடையைச் சுருக்கத்தின் பொருட்டு விட்டுவிடுதல் கூடாது. மூன்று உறுப்பும் சேர்ந்தே அச்சொல் பொருள் தருகின்றது.

கலைச்சொல் கடைத்தெருவிலும் விளங்கவேண்டுமோ என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். விருத்தாசலம் வட்டாரத்தின் புகழ்பெற்ற தொழில் பீங்கான் தொழில். பீங்கான் என்பது பாரசீக மொழியிற் கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அதனை எவரும் ஆணையிட்டுப் புகுத்தவில்லை. பொருளோடு வந்தது, பொருளோடு நிலைத்தது. முனைவர்பட்டத்தின் மேற்பட்ட ஆய்வோ, பொருளே அருகிக் காணப்படும் ஒன்று. அஃது ஒரு குழுவின் தொழிற்சொல்லாக, நன்னூலார் கூறும் குழூஉக்குறியின் நிலையிலேயே நெடுநாள் நிற்கும். குழூஉக்குறியாயினும் குழுவினர்க்குள்ளாவது ஒரு சொல் ஒரு பொருள் என்று நிற்றல் வேண்டுமன்றோ! நன்னூலார் அதனோடு மங்கல வழக்கினையும் கூறியுள்ளார். பணியிடம் வாராமையாற் காத்திருக்கும் ஆண்டுகளை மேலாய்வு என்று அழைப்பது மங்கல வழக்கே என்று கசந்து கூறும் இளைஞரை யாம் அறிவோம். அக்கசப்புக்குக் காரணம் உண்டு. ஆயினும் பெயரின் மேல் வைக்கும் குற்றம் அன்று அது.

உண்மையில் இந்நிலையாளர்க்குப் பெயரின்மையே பெருந்தொல்லை. கல்வி நிறுவனப் படிவங்களில் மாணவர், ஆசிரியர், அலுவலர் என்னும் முக்கூற்றுள் எதிலும் அவர் அடங்கார். தேர்வும் வருகைப் பதிவும் இன்மையின் மாணவர் அல்லர். ஊதியமும் பணிமூப்பும் இன்மையின் ஆசிரியர் அல்லர். நூலக அட்டை, விடுதி அறை, ஏட்டுச்சுவடிகளைப் பார்வையிடும் இசைவு ஆகியவற்றை எந்தக் கூற்றில் கேட்பது என்பது நாள்தோறும் எழும் சிக்கல். மாணவர் என்று எழுதினால் முனைவர் என்னும் மதிப்பு மறைகின்றது; முதுமுனைவர் என்று எழுதினால் இல்லாத மதிப்பு ஏறுகின்றது. முனைவர்பட்ட மேலாய்வாளர் என்னும் நான்காம் கூறு படிவங்களில் இடம்பெறுமாயின் இச்சிக்கலின் பாதி தீரும். மற்றைப் பாதி நல்கை உரிய காலத்தில் வருதலைப் பொறுத்தது.

நல்கையைப் பற்றிய சொற்களையும் வேறுபடுத்துதல் நன்று. பெலோ என்னும் ஆங்கிலச்சொல், பழைய நோர்சு மொழியில் பொருளைக் கூட்டாக இட்டுத் தொழில் செய்யும் பங்காளியைக் குறித்தது. பின்னர்த் தோழன் என்றாகி, கல்லூரியின் உறுப்பினர் என்றாகி, இறுதியில் நல்கை பெறுவோர் என்றாயிற்று. பங்கு இட்டவன் பங்கு பெறுபவன் ஆன இவ்வரலாறு சுவையுடையது. இதற்குத் தமிழில் தகைஞர் என்னும் சொல் வழங்குகின்றது. தகுதியை அடியாகக் கொண்டமையின் அதுவும் ஏற்புடையதே. நல்கையைப் பெற்று ஆய்பவரை முனைவர்பட்ட மேலாய்வுத் தகைஞர் எனலாம். நல்கையின்றித் திட்டப்பணியிலோ தம் செலவிலோ ஆய்பவர் முனைவர்பட்ட மேலாய்வாளர். நல்கையை உதவித்தொகை என்று எழுதும் வழக்கு பரந்துள்ளது. பள்ளிச் சிறார்க்கு அளிப்பதையும் அதே சொல்லால் குறிக்கின்றோமாதலின், நல்கை என்பதே தெளிவுடையது.

ஒரு நுட்பம் எஞ்சியுள்ளது. முனைவர் என்பது பெயர்க்கு முன் நிற்பது. முனைவர்பட்ட மேலாய்வாளர் என்பது பெயர்க்குக் கீழ் நிற்பது. கட்டுரையாளர் தம் பெயர்முன் முனைவர் என்று மட்டும் எழுதி, கீழே இப்பணிநிலையையும் நிறுவனத்தையும், இயன்றால் ஆண்டினையும் குறித்தல் முறை. ஆண்டினைக் குறித்தல் ஏனெனின், இதழ்கள் பல்லாண்டு கழிந்தும் நூலகத்தில் நிற்பன, பணிநிலையோ நில்லாதது. பணிநிலை முடிந்தபின் முன்னாள் மேலாய்வாளர் என்று எழுதும் வழக்கும் சிலரிடம் காணப்படுகின்றது. அது வேண்டுவதன்று, செய்த ஆய்வின் தலைப்பையும் காலத்தையும் தன்விவரக் குறிப்பில் தருதலே போதும்.

அத்தலைப்புகளை நோக்குங்கால் மற்றொன்றும் புலனாகின்றது. மரபியல் முனைவனுக்குரிய முதல்நூலைக் கூறிய கையோடு, அதன்வழி வரும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகின்றது. மேலாய்வுக்கென எழுதப்பெறும் திட்டங்களும் பெரும்பாலும் இந்நான்கனுள் அடங்குகின்றன: தம் ஆய்வேட்டைச் சுருக்கி நூலாக்குவார், அதில் ஓர் இயலை விரிப்பார், பிறமொழியிற் பெயர்ப்பார் என. வழிநூல் செய்தல் இழிவன்று; தமிழின் பெருநூல்கள் பல வழிநூல்களே. ஆயின் மேலாய்வு என்னும் பெயரில் முன்னை ஆய்வேட்டின் பக்கங்களே வரிசை மாறி வருமிடத்து, மேல் என்பதற்கு முன்பு என்னும் பொருளே அங்குப் பொருந்துவதாகிவிடுகின்றது.

ஈழத்து வழக்கிற்கு இம்முடிவு அப்படியே பொருந்தாது. அங்கு முனைவர் என்பது பட்டப்பெயராக நிலைபெறவில்லை. கலாநிதிப்பட்ட மேலாய்வாளர் என்றோ வேறுவகையாகவோ ஆக்கிக்கொள்ளுதல் அந்நாட்டு ஆய்வாளரின் உரிமை. முது என்னும் அடை அங்கு முதுமாணிப் பட்டத்தோடு இறுகப் பிணைந்திருத்தலின், முதுகலாநிதி என்பது தோன்றின் மயக்கம் இன்னும் பெரிதாகும் என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டி அமைகின்றோம்.